கழற்றியதைப் பூட்டுவது



பெரியப்பாவின் காரியம் முடிந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. துக்கம் கேட்க வந்தவர்களுக்கும், வர முடியாமல் போனில் பேசியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் சார்பில் நன்றி. தொண்ணூற்றிரண்டு வயது, கல்யாணச் சாவு என்று எல்லோரும் ஆறுதல் சொன்னீர்கள். சரிதான். ஆனாலும் ஆள் இல்லாத திண்ணை திண்ணை மாதிரியே இல்லை.

அந்தப் பதினாறு நாளில் எங்கள் வீட்டில் நடந்த துப்பாக்கி விவகாரம் பற்றி இப்போது ஆளுக்கு ஒரு விதமாகப் பேச்சு ஓடுகிறது. "வாத்தியார் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு போய் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டார்" என்று ஒரு பக்கம். "இத்தனை வருஷப் பகை எப்படித் தீர்ந்தது?" என்று இன்னொரு பக்கம். சென்னை, கோவை, துபாய் என்று பல ஊர்களிலிருந்தும் கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். சித்தப்பாவிடம் கேட்டு, அவர் "எழுதுப்பா, இதுல மறைக்க என்ன இருக்கு" என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்தத் துப்பாக்கியைப் பற்றி.

கன்னிவாடி பக்கம் எங்களுக்கு நிலம் இருந்தது உறவுகளுக்குத் தெரியும். மலையடிவாரம். கடலை போட்டாலும் சோளம் போட்டாலும் காட்டுப்பன்றி விடாது. ஒரு ராத்திரியில் ஒரு கூட்டம் இறங்கினால் நாலு மாத உழைப்பு காலையில் உழுது போட்ட மாதிரி கிடக்கும். அதற்காகத்தான் 1964-ல் பெரியப்பா பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் வாங்கி, ஒரு ரைபிள் வாங்கினார். மறு வருடம் சித்தப்பாவும் அதே மாதிரி ஒன்று வாங்கினார். இரண்டும் 315 போர், மேற்கு வங்காளத்து இஷாப்பூர் ரைபிள் ஃபேக்டரியில் செய்தவை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

அது ஏன் 315? பட்டாளத்தில் இருந்தது 303, அதாவது நாம் சொல்லும் 'த்ரீ நாட் த்ரீ'. ராணுவத்தோட்டா பொதுமக்கள் கையில் போகக் கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே தடை போட்டார்கள். அதனால் ஏறக்குறைய அதே இயந்திர அமைப்பில், வேறு அளவுத் தோட்டாவுக்கு ஏற்றபடி செய்ததுதான் இந்த 315. உள்ளே இருக்கும் சூட்சுமம் லீ-என்ஃபீல்டு வகை. ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் ஸ்காட்லாந்தில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் வேலை பார்த்தவர். அவருடைய அமைப்பில் பிரிட்டிஷ் ராணுவம் 1895-ல் ஏற்றுக்கொண்ட ரைபிள் இரண்டு உலகப் போர்களைப் பார்த்தது. நம் நாட்டுப் போலீஸ்காரர்களின் தோளில் அதற்குப் பிறகும் வெகுகாலம் தொங்கியது. உத்தரப் பிரதேசக் காவல்துறை அதற்கு விடை கொடுத்ததே 2020 குடியரசு தினத்தன்றுதான்.

'போல்ட் ஆக்‌ஷன்' என்றால் என்னவென்று பிள்ளைகள் கேட்கலாம். உங்கள் வீட்டுக் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை மேலே தூக்கு, பின்னால் இழு, முன்னால் தள்ளு, கீழே மடக்கு. அவ்வளவுதான். பின்னால் இழுக்கும்போது சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு வெளியே வந்து விழும். முன்னால் தள்ளும்போது புதுத் தோட்டா குழலுக்குள் போகும். கீழே மடக்கும்போது பூட்டிக்கொள்ளும். கதவுக்கு வெளியே திருடன். இங்கே குழலுக்குள் நெருப்பு. இரண்டு தாழ்ப்பாளுக்கும் வேலை ஒன்றுதான், தடுத்து நிறுத்துவது. ஆகவே இனிமேல் நானும் அதைத் தாழ்ப்பாள் என்றே எழுதுகிறேன்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதோடு பெரியப்பா சுடுவதை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஒரு தோட்டாகூட அவர் கையால் போகவில்லை. பன்றிக்குத் தகர டப்பாவும் வெடியும் காவல் பரணும் என்று ஆகிவிட்டது. ஆனால் துப்பாக்கியைப் பராமரிப்பதை மட்டும் விடவில்லை. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முதல் நாள் திண்ணையில் பழைய வேட்டியை விரித்து, அதைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் போட்டு, திரும்பப் பூட்டுவார். ஊரில் எல்லோரும் சைக்கிளுக்கும் மோட்டாருக்கும் அரிவாளுக்கும் பொட்டு வைப்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும்தான் ஆயுத பூஜைக்கு நிஜ ஆயுதம். பெரியம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தால், "கட்டையில வை, இரும்புல வைக்காதே. ஈரம் பட்டா துருப்பிடிக்கும்" என்பார். குங்குமம்கூட மரக்கட்டைக்குத்தான்.

நான் சிறுவனாக இருந்தபோது, அதாவது அவர் சுட்டுக்கொண்டிருந்த காலத்தில், இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். சுட்டுவிட்டு வந்த அன்று ராத்திரியே பெரியம்மா அடுப்பில் வெந்நீர் கொதிக்கும். தாழ்ப்பாளை உருவிவிட்டு, புனல் வைத்து, குழலுக்குள் வெந்நீரை ஊற்றுவார். இரும்புக்குள் தண்ணீர் ஊற்றுகிறாரே என்று எனக்கு அப்போது ஆச்சரியம். பிறகு வேதியியல் படித்தபோதுதான் புரிந்தது. அந்தக் காலத்துத் தோட்டாவின் பொட்டு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்த பிறகு அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலுக்குள் படியும். நம் சமையல் உப்புக்கு அது பங்காளி. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், ஈரம் இரும்பைத் தின்னும். உப்பை எண்ணெய் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். வெந்நீராக இருந்தால் குழலும் சூடாகி, மிச்ச ஈரம் தானே காய்ந்துவிடும். அதற்கு மேல் துணி, அதற்கு மேல் எண்ணெய். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத மனிதர், செய்தது அத்தனையும் சரியான வேதியியல்.

என்னிடம் என்.சி.சி.யில் இருந்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. "கோல்னா, ஜோட்னா" என்றால் இப்போதும் கைகால் நிமிரும் உங்களுக்கு. கழற்றுவது, பூட்டுவது. பாயிண்ட் 22 ரைபிள், 25 கஜம், குப்புறப் படுத்து ஆளுக்குச் சில தோட்டாக்கள். சுடும் ஆசையில் விடியற்காலை நாலு மணிக்கே வந்து நிற்பீர்கள். சுட்டு முடித்த பிறகு, 'புல் த்ரூ' கயிற்றில் சிந்தித் துணியை மாட்டிக் குழலை இழுக்கச் சொன்னால் பாதிப் பேரைக் காணாது. அப்போது நான் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: "கழற்றத் தெரிந்தவன் அரை வேலைக்காரன்." கிண்டலாக அதையே எனக்குப் பட்டப்பெயராக வைத்திருந்தீர்கள் என்பதும் தெரியும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மெக்கானிக் கடையில் "எஞ்சினைக் கழட்டிப் பூட்டிட்டேன்" என்கிறோம். மாட்டை வண்டியில் பூட்டுகிறோம். ஏரையும் பூட்டுகிறோம். கதவையும் பூட்டுகிறோம். சேர வேண்டியதைச் சேர வேண்டிய இடத்தில் சேர்த்து நிறுத்துவதற்குத் தமிழில் ஒரே சொல்தான். அந்தச் சொல்லைத் தொழிலாகவே வைத்திருக்கிற ஊர் திண்டுக்கல். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாகல்நகர்ப் பக்கம் ஒரு பட்டறையில் வயதான ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "மெஷின்ல ஆயிரம் பூட்டு அடிச்சிரலாம் சார். நாங்க ஒவ்வொரு சாவியையும் அதனதன் பூட்டுக்கு அரத்துல ராவி ராவி உட்கார வைக்கிறோம். அதான் எங்க வேலை" என்றார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

இப்போது விவகாரத்துக்கு வருகிறேன்.

காரியத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, அண்ணன் (பெரியப்பாவின் மூத்த மகன்) என்னைக் கூப்பிட்டு, "இதை என்னடா செய்றது?" என்று பீரோவைத் திறந்து காட்டினார். லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது. தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். வாரிசு யாருக்காவது வேண்டுமென்றால் தன் பெயரில் லைசென்ஸுக்கு விண்ணப்பித்து, கிடைத்த பிறகு எடுத்துக்கொள்ளலாம். "அப்பா சொத்துதானே, பீரோவில் இருந்துவிட்டுப் போகட்டும்" என்று வைத்திருந்தால் அது லைசென்ஸ் இல்லாத ஆயுதம். இதை நான் சொன்னதும் அண்ணன் சரியென்றுவிட்டார்.

அண்ணன் மகனுக்குத்தான் மனமில்லை. "தாத்தா ஞாபகமா இருக்கட்டும் வாத்தியார் சித்தப்பா. கல்யாணம் காட்சின்னா கையில வச்சு ஒரு போட்டோ, வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதானே" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் வடநாட்டுக் கல்யாணங்களில் அந்த 'ஒரு வெடி'யில் செத்தவர்கள் உண்டு. 2019-ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தியபோது, கொண்டாட்டத்துக்குச் சுட்டு அடுத்தவர் பாதுகாப்புக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று தனியாகவே எழுத வேண்டி வந்தது. அவனிடம் அதைச் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"ஒப்படைக்கிறதா இருந்தா அப்படியே ஒரு கோணியில சுத்திக் கொடுத்துரலாமே, எதுக்குத் துடைக்கணும்?" என்று இன்னொருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஐம்பது வருடம் ஒரு பொட்டுத் துரு இல்லாமல் அவர் வைத்திருந்த பொருளை, அவர் போன சில நாட்களிலேயே துருவோடு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தவிர, ஒப்படைக்கும் இடத்தில் எண்ணைப் பார்த்து எழுதுவார்கள். அது தெளிவாகத் தெரிய வேண்டும். ஆகவே திண்ணையில் வேட்டியை விரித்தேன். அண்ணனும் உட்கார்ந்தார். அண்ணன் மகனையும் கூப்பிட்டேன். "கையைக் கழுவிட்டு வா. ஞாபகமா வச்சுக்கணும்னா இதை வச்சுக்கோ" என்றேன். வந்தான்.

முதல் வேலை, காலியா என்று பார்ப்பது. ஐம்பது வருடம் சுடாத துப்பாக்கியாக இருந்தாலும், தோட்டாப் பெட்டி தனியாக இருந்தாலும், கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். மேகசினைக் கழற்றினோம். குழலில் துணி விட்டு இழுத்தோம். முதல் துணி பழுப்பாக வந்தது, மூன்றாவது துணி வெள்ளையாக வந்தது. அண்ணன் மகன் தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்து வந்தான். அது வேண்டாம், நாளாக நாளாகப் பிசுக்காகிவிடும், தையல் மிஷின் எண்ணெய் கொண்டு வா என்றேன். அதையும் நிறையப் போடக் கூடாது. நம் ஊர்ப் புழுதிக்கு எண்ணெய் வழிந்தால் அது மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துணியில் தொட்டு, ஒரு பூச்சு. விரலை வைத்தால் ரேகை தெரிய வேண்டும், சொட்டக் கூடாது.

தாழ்ப்பாள் மட்டும் துப்பாக்கியில் இல்லை. பீரோவின் அடித்தட்டில், தனியாக, பழைய காடாத் துணியில் சுற்றிக் கிடந்தது. கடைசி சில ஆயுத பூஜைகளில் பெரியப்பா அதைப் பூட்டாமல் அப்படியே வைத்துப் பொட்டு வைத்ததை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கை நடுக்கம், முடியவில்லை என்று நினைத்துக்கொண்டோம்.

தாழ்ப்பாளைத் துடைத்தேன். இந்த வகைத் தாழ்ப்பாளுக்குத் தலை தனி, உடல் தனி. தலை மறையோடு உடலில் திருகி உட்காரும். அதைக் கழற்றித் துடைத்தால், திரும்பப் பூட்டும்போது முழுதாகத் திருக வேண்டும். ஒரு சுற்று குறைந்தாலும் தாழ்ப்பாள் சரியாக மூடாது. பிறகு தலையை மேல்நோக்கித் திருப்பி வைத்துக்கொண்டு, உடலைப் பின்பக்கமிருந்து உள்ளே செலுத்தி, தலையைக் கீழே அழுத்தினால் 'டக்' என்று தண்டவாளம் போன்ற விளிம்பில் உட்காரும். அந்தச் சத்தம் கேட்காமல் தள்ளக் கூடாது. பலம் போட்டுத் தள்ளினால் ஏதோ தப்பு என்று அர்த்தம்.

உள்ளே செலுத்துவதற்கு முன், என்.சி.சி. பழக்கம், எண்ணைப் பார்த்தேன். தாழ்ப்பாளின் கைப்பிடி அடியில் எண் அடித்திருக்கும். துப்பாக்கியின் உடலிலும் அதே எண் இருக்க வேண்டும்.

உடலில் 417 என்று முடிந்தது. தாழ்ப்பாளில் 562.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அண்ணனும் பார்த்தார். லைசென்ஸ் புத்தகத்தை எடுத்து வந்தோம். அதிலும் 417.

"எந்த நம்பரா இருந்தா என்ன சித்தப்பா, உள்ள போகுதுல்ல?" என்றான் அண்ணன் மகன். போகும். இரட்டைப் பிள்ளைகள் என்று சொன்னேனே, சட்டை மாற்றிப் போட்டாலும் போகும். அதுதான் ஆபத்து. அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன், இயற்பியல் படித்த பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

இந்தத் தோட்டாவின் அடியில் சுற்றிலும் ஒரு விளிம்பு உண்டு. அந்த விளிம்பு குழலின் வாயில் போய் உட்காரும். தாழ்ப்பாளின் முகம் அதைப் பின்னாலிருந்து தாங்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மயிரிழை அளவில்தான் இருக்க வேண்டும். ஃபேக்டரியில் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அதனதன் தாழ்ப்பாளை அளவு பார்த்துப் பொருத்தி, பிறகுதான் ஒரே எண்ணை இரண்டிலும் அடிப்பார்கள். நம் பட்டறைக்காரர் சாவியை ராவுகிற மாதிரி. வேறொன்றின் தாழ்ப்பாளைப் போட்டால் இடைவெளி கூடலாம். கூடினால், மருந்து வெடிக்கும் அந்த நொடியில், சதுர அங்குலத்துக்குப் பல டன் அழுத்தத்தில், பித்தளைக் கூடு பின்னால் நீண்டு கிழியும். கிழிந்தால் அந்தச் சூடான வாயு எங்கே போகும்? சுடுகிறவன் கன்னத்தை வைத்துக்கொண்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருக்கிறானே, அங்கே. கல்யாணத்தில் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. அவனே சிறிது நேரம் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தான்.

562 யாருடையது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பெரியம்மா உள்ளேயிருந்து வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னார்: "அது உன் சித்தப்பன் துப்பாக்கியோடது. அவருக்குத் தெரியும்."

உறவுகளில் இளையவர்களுக்காக இதைச் சொல்கிறேன். 1989-ல் கன்னிவாடிக் கிணற்றில் முறைத் தண்ணீர் யாருக்கு எத்தனை மணி நேரம் என்பதில் பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வாய்த் தகராறு வந்தது. பேச்சு நின்றது. கோவில், கல்யாணம் எல்லாவற்றிலும் ஆளுக்கு ஒரு மூலை. எதில் யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. 1991 தேர்தலுக்கு வழக்கப்படி இரண்டு பேரும் தனித்தனியாகப் போய்த் துப்பாக்கியை ஒப்படைத்தார்கள். பத்திரத்துக்காகத் தாழ்ப்பாளை உருவித் தனியாக வைத்திருக்கிறார்கள். தேர்தல் முடிந்து திருப்பிக் கொடுத்தபோது மாறிவிட்டது. துப்பாக்கி உடலில் உள்ள எண்ணைத்தானே புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பார்கள். பெரியப்பா வீட்டுக்கு வந்து ஆயுத பூஜைக்குத் துடைக்கும்போது கண்டுபிடித்திருக்கிறார். பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறார். சரி செய்ய வேண்டுமென்றால் தம்பி வீட்டுக்குப் போக வேண்டும். போகவில்லை. கண்ணும் கையும் நன்றாக இருந்தவரை வருடத்துக்கு ஒருநாள் பொட்டு வைப்பதற்காகப் பூட்டி, மறுநாளே உருவிவிடுவாராம். பிறகு அதையும் விட்டுவிட்டார்.

தலைக்கு மேல் இன்னொரு சிக்கலும் இருந்தது. காவல்துறையில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவனுக்குப் போன் போட்டேன். "சார், சட்டத்துல ஆயுதம்னா அதோட உதிரி பாகமும் சேர்த்திதான். இன்னொருத்தர் லைசென்ஸ் துப்பாக்கியோட போல்ட் உங்க வீட்டுல இருக்குன்னா, நடந்ததை ரெண்டு தரப்பும் எழுதி, கையெழுத்துப் போட்டு, சரியானதைச் சரியானதோட சேர்த்துக் கொண்டு வாங்க. நான் சொல்லி வைக்கிறேன்" என்றான். இரண்டு தரப்பும். அதாவது சித்தப்பாவின் கையெழுத்தும்.

சித்தப்பாவுக்கு எண்பத்து நாலு வயது. அண்ணன் இறந்த அன்று தெருமுனை வரை வந்து, வேப்ப மரத்தடியில் நின்றுவிட்டுப் போனார் என்று பலர் பார்த்துச் சொன்னார்கள். அவர் வீட்டுக்குப் போக வேண்டும், யார் போவது? அண்ணன் தயங்கினார். "அப்பா போகாத வீட்டுக்கு நான் எப்படிடா" என்றார். அதுவும் புரிந்தது. என் அப்பா நடுப்பிள்ளை, அவர் இருந்தவரை இரண்டு வீட்டுக்கும் நடந்தவர். ஆகவே நான் போனேன். அண்ணன் மகன் வண்டியை எடுத்தான். உள்ளே வருகிறாயா என்று நான் கேட்கவில்லை, அவனாகவே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான்.

விஷயத்தைச் சொன்னேன். சித்தப்பா ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து சாமி அறைக்குப் போனார். வெகுநேரம் ஆனது. ஒரு மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே எண்ணெய்த் துணி, அதற்குள் தாழ்ப்பாள். ஒரு துரு இல்லை. துணியில் பேனாவால் 417 என்று எழுதியிருந்தது. எண்ணெய் புதிது, வாசனை தெரிந்தது.

"அண்ணனோடது. வந்து கேட்பார்னு வச்சிருந்தேன்" என்றார்.

பிறகு, "நானாவது போயிருக்கலாம்" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்வது? அவர் வீட்டுச் சித்தி தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். குடித்தோம்.

மறுநாள் சித்தப்பா, தன் துப்பாக்கியையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, மகனோடு பெரியப்பா வீட்டுக்கு வந்தார். முப்பத்தாறு வருடம் கழித்து அந்தத் திண்ணையில் ஏறினார். பெரியம்மா உள்ளேயிருந்து வந்து, "வாங்க தம்பி" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அழுகை இரண்டு பக்கமும் இருந்தது, அதை எழுத வேண்டியதில்லை.

வேட்டியை விரித்து இரண்டையும் வைத்தோம். 417 தாழ்ப்பாளைப் பெரியப்பாவின் துப்பாக்கியில் பூட்டியவர் சித்தப்பா. கை நடுங்கியது, ஆனால் தலையை அழுத்தியதும் 'டக்' என்று சுத்தமாகக் கேட்டது. 562-ஐ அண்ணன் மகனிடம் கொடுத்தேன். அவன் முதலில் எண்ணைப் பார்த்தான். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். தலையைத் திருகி, செலுத்தி, அழுத்தி, மூடினான். இந்த வகையில் மூடும் கடைசிக் கட்டத்தில் கைக்கு ஒரு எதிர்ப்பு தெரியும், அது சுருள்வில் அமுங்குவது. அதைக் கண்டு பயந்து நிறுத்தினான். "தள்ளு, அது அப்படித்தான்" என்றார் சித்தப்பா. குழலை மண் சுவர்ப் பக்கம் திருப்பி, காலி என்று மறுபடி பார்த்து, விசையை இழுத்துச் சோதித்தோம். பிறகு சேஃப்டியைப் போட்டு ஒருமுறை. எல்லாம் சரியாக இருந்தது.

எழுதிக் கொடுத்து, இரண்டையும் ஒப்படைத்து, ரசீது வாங்கிவிட்டோம். இரண்டையும் என்று சொல்கிறேன், கவனியுங்கள். சித்தப்பா தன்னுடையதையும் கொடுத்துவிட்டார். அவர் லைசென்ஸ் உயிரோடுதான் இருக்கிறது, வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். "எதுக்குப்பா? பன்னியச் சுடப்போறேனா? எனக்குப் பிறகு என் பிள்ளைங்க இதை வச்சு அலையணுமா?" என்றார். ஆகவே, நான் யாரிடமிருந்தும் பிடுங்கவில்லை என்பதை இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்!

பகை தீர்ந்ததா என்று கேட்கிறீர்கள். பெரியவர்கள் பகை ஒரு ஆளோடு போய்விட்டது. கிணற்று முறை பற்றி அண்ணனும் சித்தப்பா மகனும் இன்னும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. இப்போதெல்லாம் மோட்டார், மின்சார நேரம் என்று கணக்கு இன்னும் சிக்கல். ஆனால் பேசுகிறார்கள். காரியத்தன்று சித்தப்பா முதல் ஆளாக வந்து, பெரியப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் மாலை வரை உட்கார்ந்திருந்தார்.

இரண்டு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, உங்கள் யார் வீட்டிலாவது தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் கிடந்தால், ஒற்றைக்குழலோ இரட்டைக்குழலோ எதுவானாலும், அதை எடுத்துப் பார்த்து விளையாடாதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, புத்தகத்தைத் தேடி எடுத்து, உடனே ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, யாரிடமாவது போய்க் கேட்க வேண்டியது, கொடுக்க வேண்டியது ஏதாவது ஒரு மஞ்சள் பையில் உங்கள் வீட்டிலும் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஓய்வுதானே. போய்விட்டு வாருங்கள்.

அண்ணன் மகன் நேற்று வந்தான். தாத்தா ஞாபகத்துக்கு என்ன எடுத்துக்கொண்டாய் என்று கேட்டேன். பெரியப்பா விரிக்கும் அந்தப் பழைய வேட்டியும், எண்ணெய்க் கிண்ணமும், 'புல் த்ரூ' கயிறும் என்றான். அதற்கு லைசென்ஸ் தேவையில்லை.

எல்லோரும் நலமாக இருங்கள். வெயில் கடுமையாக இருக்கிறது, நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் வாத்தியார்